லிமாவின் வெள்ளி, மணிலாவின் முத்திரை

பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய் இரண்டைச் சேர்த்துத் தராசில் வைத்தாலும் இந்த ஒற்றை நாணயத்தின் எடை வராது. ஏறக்குறைய 27 கிராம்; அதில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. ஒரு பக்கத்தில் ஒரு தூணும் அதன் இருபுறமும் நிற்கும் இரண்டு பெண்களும். ஒருத்தி அறம், இன்னொருத்தி நீதி. அறத்தாலும் நீதியாலும் என்ற பொருளில் அவர்களைச் சுற்றி ஸ்பானிய வாசகம். மறுபக்கத்தில் புதிதாகப் பிறந்த நாட்டின் சின்னமும் ‘பெரு லிப்ரே’ என்ற அறிவிப்பும். சுதந்திரப் பெரு. 1822லும் 1823லும் லிமா நகரத்து நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட எட்டு ரியால் இது.

இவற்றில் சிலவற்றின் மீது ஒரு சிறிய கிரீடம் குத்தப்பட்டிருக்கிறது. கிரீடத்துக்குக் கீழே 1824 என்ற ஆண்டு. அந்த அடி விழுந்த இடத்துக்கு நேர் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் எழுத்தோ உருவமோ நசுங்கித் தட்டையாகியிருக்கும். கீழே இரும்பை வைத்து மேலே சம்மட்டியால் அடித்ததன் தடம் அது. மன்னனை வேண்டாம் என்று சொன்ன நாட்டின் நாணயத்தில், இரண்டே ஆண்டுகளுக்குள், மன்னனின் கிரீடம் ஏறிவிட்டது. அதை ஏற்றியவர்கள் யார், எதற்காக ஏற்றினார்கள், அதன்பின் பெருவின் வெள்ளி எங்கெல்லாம் போயிற்று என்று தொடர்ந்து போனால் ஒரு விடுதலைப் போரின் வரவு செலவுக் கணக்கே கண்முன் விரிகிறது. போர்களைத் தளபதிகளின் பெயரால் நினைவு வைத்துக்கொள்கிறோம். நடத்தியவர்களுக்கோ அன்றாடக் கவலை சிப்பாயின் சம்பளம்தான்.

வெள்ளி பிறந்த இடம் செர்ரோ டி பாஸ்கோ. லிமாவிலிருந்து வடகிழக்கே, ஆண்டீஸ் மலையில், கடல் மட்டத்துக்கு 14,000 அடிக்கும் மேலே இருக்கும் சுரங்க நகரம். புதிதாகப் போகிறவர்களுக்கு அங்கே நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கும். வெட்டி எடுத்த தாதுவைப் பொடியாக அரைத்து, கல் பாவிய முற்றத்தில் பரப்பி, உப்பும் பாதரசமும் கலந்து, கால்களால் மிதித்து மிதித்துப் பிசைவார்கள். வாரக்கணக்கில் இது நடக்கும். வெள்ளி பாதரசத்தோடு சேர்ந்ததும் மண்ணைக் கழுவிவிட்டு, மிஞ்சியதைச் சூடேற்றினால் பாதரசம் ஆவியாகி வெள்ளி தங்கும். அந்த ஆவியைச் சுவாசித்தவர்களின் உடம்பு என்ன ஆகியிருக்கும் என்பதை மருத்துவம் படிக்காதவர்களும் ஊகிக்கலாம். நாணயத்தில் பொறித்த அறமும் நீதியும் அந்த முற்றங்கள் வரை எட்டவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

போர் தொடங்கும் முன்பே செர்ரோ டி பாஸ்கோவுக்கு வேறொரு சிக்கல் இருந்தது. ஆழம் போகப் போகச் சுரங்கங்களில் தண்ணீர் நிறைந்தது. அதை இறைக்க இங்கிலாந்திலிருந்து நீராவி இயந்திரங்களை வரவழைத்தார்கள். அவற்றைச் செய்து கொடுத்த ரிச்சர்ட் டிரெவிதிக், தண்டவாளத்தில் முதன்முதலாக நீராவி எஞ்சினை ஓடவிட்டவர், 1817ல் தாமே பெருவுக்கு வந்து சேர்ந்தார். கழுதைகளும் மனிதர்களும் அந்த இரும்புப் பாகங்களை மலையுச்சிவரை சுமந்தார்கள். 1820 டிசம்பர் 6 அன்று விடுதலைப் படையும் மன்னர் படையும் அந்த ஊரிலேயே மோதின. போரில் இயந்திரங்கள் சேதமாயின, தண்ணீர் மறுபடி ஏறியது, வெள்ளி வரத்து சரிந்தது. டிரெவிதிக் கையில் காசில்லாமல் ஊர் ஊராக அலைந்து, கடைசியில் கார்த்தஹேனா துறைமுகத்தில் ரயில் பொறியாளர் ராபர்ட் ஸ்டீபன்சனைச் சந்தித்து, அவர் கொடுத்த 50 பவுனில் இங்கிலாந்து திரும்பினார். வெள்ளியின் ஊற்றுக்கண்ணிலேயே போர் கைவைத்துவிட்டது என்பதைக் காட்ட இந்த ஒருவரின் கதை போதும்.

விடுதலைப் படையின் தலைவர் ஹோசே டி சான் மார்ட்டின் அந்த மோதலுக்கு மூன்று மாதம் முன்பு, 1820 செப்டம்பரில், சிலியிலிருந்து கப்பல்களில் படையோடு வந்து பெருவின் கடற்கரையில் இறங்கியிருந்தார். அக்டோபரிலேயே புதிய நாட்டுக்குக் கொடியும் சின்னமும் அறிவித்துவிட்டார். அமைதியான கடலுக்கு அப்பால் மலைகளின் பின்னிருந்து எழும் சூரியன். அடுத்த ஆண்டு மன்னரின் படை லிமாவை விட்டு மலைப்பகுதிக்குப் பின்வாங்கியது. 1821 ஜூலை 28 அன்று லிமாவில் விடுதலை அறிவிக்கப்பட்டது. இந்த அறிவிப்போடு பெரு விடுதலை பெற்றுவிட்டது என்று நினைத்தால் தவறு. வைஸ்ராய் லா செர்னா குஸ்கோ நகரைத் தலைநகராக்கிக்கொண்டு உட்கார்ந்தார். உள்நாட்டின் பெரும்பகுதி அவர் கையில். லிமாவும் கடற்கரையும் விடுதலைத் தரப்பின் கையில். லிமாவின் நாணயச்சாலை புதிய அரசுக்குக் கிடைத்தது. அதற்கு வர வேண்டிய வெள்ளி வரும் பாதையெல்லாம் போர்க்களம்.

பணமுடை உடனே தலைகாட்டியது. விடுதலை அறிவித்து இரண்டு மாதத்தில், சான் மார்ட்டினின் கடற்படைத் தலைவரான காக்ரேன் பிரபு, மாலுமிகளுக்குச் சம்பளம் வரவில்லை என்று சொல்லி அன்கோன் துறைமுகத்தில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்த அரசுக் கருவூலத்து வெள்ளியையே எடுத்துக்கொண்டு போய்விட்டார். இருவருக்கும் இடையிலான உறவு அத்தோடு முறிந்தது. அதே ஆண்டின் இறுதியில் அரசு ஒரு வங்கியை ஏற்படுத்திக் காகிதப் பணம் வெளியிட்டது. மூன்று நூற்றாண்டாக வெள்ளியைத் தட்டிப் பார்த்து, கடித்துப் பார்த்து வாங்கிப் பழகிய சந்தையில் காகிதத்தை யார் சீந்துவார்கள்? அது எடுபடவில்லை. 1822 அக்டோபரில் லண்டனில் 12 லட்சம் பவுனுக்குக் கடன் பேசினார்கள்.

இந்த நெருக்கடிக்கு நடுவில்தான் பெரு லிப்ரே எட்டு ரியால்கள் அடிக்கப்பட்டன. எடையிலும் மாற்றிலும் பழைய ஸ்பானிய நாணயத்தின் வழியிலேயே அடித்தார்கள். வியாபாரி கையில் எடுத்துப் பார்த்ததும் நம்ப வேண்டும் அல்லவா? மன்னனின் முகத்தை எடுத்துவிட்டார்கள், எடையில் கைவைக்கவில்லை. லிமாவின் பெயரை ஒரே கூட்டெழுத்தாகப் பின்னிய பழைய நாணயச்சாலைக் குறியைக்கூட விட்டுவிடவில்லை. அரசியல் எவ்வளவு புதிதோ அவ்வளவுக்குப் பணம் பழையதாக இருக்க வேண்டும் என்பதை அந்த அதிகாரிகள் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை வருவது இந்த இடத்தில்தான். காகிதத்தில் தோற்றதை வெள்ளியில் சரிசெய்தார்கள்.

அடிக்கும் முறையும் பழையதே. வெள்ளியையும் கொஞ்சம் செம்பையும் உருக்கிக் கட்டியாக்கி, தகடாக உருட்டி, வட்டமாக வெட்டி, எடை பார்த்து, திருகு அச்சுக்கு அடியில் வைப்பார்கள். கனமான குறுக்குத் தண்டின் இரு முனைகளையும் ஆட்கள் பிடித்து இழுத்துச் சுழற்ற, திருகு சடாரென்று இறங்கும். ஒரு சுழற்சிக்கு ஒரு நாணயம்.

சான் மார்ட்டின் 1822 ஜூலையில் குவாயாகில் நகரில், வடக்கே விடுதலைப் போரை நடத்திவந்த பொலிவாரைச் சந்தித்துப் பேசிவிட்டு, செப்டம்பரில் பெருவை விட்டே போய்விட்டார். 1823 ஜூனில் மன்னர் தரப்பின் தளபதி கான்டெராக் லிமாவுக்குள் புகுந்து, ஒரு மாதம் இருந்துவிட்டு வெளியேறினார். செப்டம்பர் 1 அன்று பொலிவார் லிமாவுக்கு வந்தார். விடுதலைத் தரப்பிலோ ஒரே நேரத்தில் இரண்டு பேர் தாங்களே ஆட்சித் தலைவர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தக் குழப்பத்தின் நடுவே 1824 பிப்ரவரி வந்தது.

லிமாவின் துறைமுகம் கயாவோ. அங்கே ரெயால் ஃபெலிப்பே என்ற பெரிய கோட்டை; ஆயுதக் கிடங்கும் அதுவே, சிறையும் அதுவே. காவலுக்கு இருந்தவர்கள் ஆண்டீஸைத் தாண்டி சான் மார்ட்டினோடு வந்த பழைய சிப்பாய்கள். சொந்த ஊரை விட்டு வந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி. பிப்ரவரி 5 அன்று டமாசோ மொயானோ என்ற சார்ஜென்ட்டின் தலைமையில் அவர்கள் கலகம் செய்தார்கள். கேட்டது பாக்கிச் சம்பளமும் ஊர் திரும்பக் கப்பலும். அதைக் கொடுக்க அரசின் கையில் பணமில்லை. பேச்சு இழுத்துக்கொண்டே போக, கலகக்காரர்கள் கோட்டைச் சிறையில் இருந்த ஸ்பானிய அதிகாரிகளை விடுவித்து, அவர்கள் சொற்படி மன்னரின் கொடியை ஏற்றிவிட்டார்கள். அந்த மாத முடிவுக்குள் மன்னர் படை லிமாவுக்குள் மறுபடி நுழைந்தது.

ஒரு கோட்டையும் ஒரு தலைநகரமும் சம்பள பாக்கியால் போயின. கிரீடம் குத்திய எட்டு ரியாலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சிப்பாய்கள்தான். அவர்களைத் துரோகிகள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. மரியாதையாகப் பேசி, கையில் இருந்ததைப் பகிர்ந்துகொடுத்திருந்தால் அந்தக் கோட்டைக்கு அந்த ஆண்டு கொடி மாறியிருக்காது என்றே நினைக்கிறேன்.

லிமாவுக்குத் திரும்பிய மன்னர் தரப்பின் முன் இப்போது அதே பணச் சிக்கல் நின்றது. நகரம் முழுக்கப் புழக்கத்தில் இருப்பவை பெரு லிப்ரே நாணயங்கள். அவற்றைச் செல்லாது என்று சொன்னால் சந்தை நின்றுவிடும். தங்கள் சிப்பாய்களுக்குக் கொடுக்கவும் வேறு பணம் இல்லை. அப்படியே செல்லட்டும் என்று விட்டால், மன்னரின் நகரத்தில் மன்னரின் சிப்பாய் ‘சுதந்திரப் பெரு’ என்று எழுதிய காசில் ரொட்டி வாங்குவான். உருக்கி மறுபடி அடிக்கலாம். மன்னர் ஏழாம் ஃபெர்டினாண்டின் பெயரில் அந்த ஆண்டு லிமாவிலும் குஸ்கோவிலும் எட்டு ரியால்கள் அடிக்கவும் பட்டன. ஆனால் உருக்க விறகு வேண்டும், தகடு உருட்ட வேண்டும், வட்டம் வெட்ட வேண்டும், நாள் வேண்டும். ஒரு குத்தச்சும் சம்மட்டியும் இருந்தால் ஒரே அடியில் வேலை முடிகிறது. அதைத்தான் செய்தார்கள். கிரீடமும் 1824ம் அப்படித்தான் ஏறின.

முத்திரை சிறியது. அடியில் இருந்த வாசகத்தை அது மறைக்கவில்லை. பெயர் மாற்றிய கடையின் பலகையில் புதுப் பெயிண்டுக்கு அடியில் பழைய பெயர் தெரிவதுபோல, ‘லிப்ரே’ என்ற சொல் கிரீடத்துக்குப் பக்கத்திலேயே நன்றாக வாசிக்கும்படி இருந்தது. இது ஆணவத்தின் அடையாளம் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு இது கடன் பத்திரத்தில் வைத்த கையெழுத்துபோலவே படுகிறது. எதிரி அடித்த வெள்ளியின் எடையும் மாற்றும் சரியானவை என்று மன்னரின் அதிகாரிகளே சான்று கொடுத்துவிட்டார்கள். அந்த நாணயம் இல்லாமல் தங்களால் ஒரு வாரம்கூட ஊரை ஆள முடியாது என்பதும் அந்தக் குத்தில் இருக்கிறது.

அந்த ஆண்டு லிமாவில் கிரீடம் குத்திக்கொண்டது நாணயம் மட்டும் இல்லை. தோர்ரே தாக்லே என்ற பிரபு 1820 டிசம்பரிலேயே, லிமாவுக்கு முன்பே, ட்ருஹியோ நகரில் விடுதலையை அறிவித்தவர். பின்னர் நாட்டின் ஆட்சித் தலைவராகவும் ஆனார். 1824ல் அவர் மன்னர் பக்கம் போய்விட்டார். போர் திசை மாறியபோது கயாவோ கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தவர்களில் அவரும் ஒருவர். 1825ல், முற்றுகைக்கு நடுவில், ஸ்கர்வி நோயில் அங்கேயே இறந்தார்.

போர் திசை மாறியது 1824 ஆகஸ்டில். ஆகஸ்ட் 6 அன்று ஹூனின் சமவெளியில், செர்ரோ டி பாஸ்கோவுக்கு வெகு தூரமில்லாத உயரத்தில், குதிரைப்படைகள் ஈட்டியும் வாளுமாக மோதின. பொலிவாரின் தரப்பு வென்றது. டிசம்பர் 9 அன்று அயகுச்சோவில் பொலிவாரின் தளபதி சுக்ரேயின் படை மன்னர் படையை முற்றாக முறியடித்தது. வைஸ்ராய் லா செர்னா காயத்தோடு சிறைப்பட்டார். கயாவோவில் ரோடில் என்ற தளபதி மட்டும் சரணடைய மறுத்து ஓராண்டுக்கு மேல் கோட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஆயிரக்கணக்கானோர் பசியிலும் நோயிலும் மாண்டார்கள். 1826 ஜனவரியில்தான் அவர் கோட்டையை ஒப்படைத்தார். அதற்குள் லிமாவின் நாணயச்சாலை குடியரசின் புதிய சின்னத்தோடு ஓடத் தொடங்கிவிட்டது. விக்குன்யா, சின்கோனா மரம், காசு கொட்டும் கொம்பு மூன்றும் சேர்ந்த கேடயம் அது. விலங்கு, தாவரம், கனிமம் என்று நாட்டின் மூன்று செல்வங்கள். 1824ன் கிரீடத்துக்கு இனி அங்கே எந்த மதிப்பும் இல்லை, வெள்ளிக்கு இருந்தது.

வெள்ளி கடலுக்குப் போவது பெருவுக்குப் புதிதல்ல. பசிபிக்கின் அந்தக் கரையில் மணிலா இருந்தது. 1565லிருந்து 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானிய அரசின் கப்பல்கள் ஓடின. மணிலாவிலிருந்து சீனப் பட்டும் பீங்கானும், அமெரிக்காவிலிருந்து வெள்ளியும். அந்தக் கப்பல் நின்றுபோய், 1821ல் மெக்சிகோவும் கைவிட்டுப் போனபின், பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு ஸ்பெயின் வழக்கமாக அனுப்பிவந்த வெள்ளி நின்றது. வியாபாரிகள் விடவில்லை. எங்கே வெள்ளி கிடைத்ததோ அங்கிருந்து கொண்டுவந்தார்கள். ஆக, மணிலாவின் கடைவீதிக்கு வந்து சேர்ந்தவை மெக்சிகோவின் கழுகும் பெருவின் சூரியனும் போட்ட காசுகள்.

மணிலாவில் அப்போது ஆளுநர் மரியானோ ரிகாஃபோர்ட். இந்தப் பெயரைப் பார்த்ததும் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1820ல் பெருவின் மத்திய மலைப்பகுதியில் விடுதலைக்கு எழுந்த ஊர்களை இரக்கமில்லாமல் அடக்கிய மன்னர் தளபதி இவர்தான். 1821ல் அங்கே காயம்பட்டு ஸ்பெயின் திரும்பி, 1825ல் பிலிப்பைன்ஸுக்கு ஆளுநராக வந்தார். மலைகளில் தாம் அடக்கப் பார்த்த கலகத்தின் சொற்கள், கடல் தாண்டி, தம் ஆளுகையில் இருக்கும் ஊரின் சுங்கச் சாவடியில் வந்து குவிவதை அவர் பார்த்தார்.

1828 அக்டோபரில் ஆணை பிறந்தது. புதிய குடியரசுகளின் வெள்ளி நாணயங்கள் மன்னரின் முத்திரை பெற்ற பிறகே செல்லும். லிமாவில் குத்தியதுபோல மூலையில் ஒரு சின்னக் கிரீடம் இல்லை இது. நாணயத்தின் இரு முகங்களையும் ஏறக்குறைய முழுதாக மூடும் அச்சு. ஒரு பக்கம் கிரீடம் சூடிய ஸ்பெயினின் சின்னம். சுற்றிலும் ‘நம் தலைவர் மன்னர் ஏழாம் ஃபெர்டினாண்டால் செல்லத்தக்கதாக்கப்பட்டது’ என்ற வாசகம். மறுபக்கம் பல் வெட்டிய வளையத்துக்குள் ‘மணிலா 1828’. மக்கள் கண்ணில் ‘சுதந்திரம்’ என்ற சொல்லே படக் கூடாது என்பது நோக்கம்.

இந்த நாணயங்களைச் சாய்வான வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அச்சு எவ்வளவு ஆழமாக இறங்கினாலும் விளிம்பில் இடம் மிஞ்சுகிறது. அங்கே அடிநாணயத்தின் எழுத்துகள் துண்டு துண்டாகத் தலைநீட்டுகின்றன. ஓர் இடத்தில் பாதிப் பெயர், இன்னோர் இடத்தில் ஆண்டின் கடைசி இலக்கம். மணிலா என்ற சொல்லுக்கு நடுவே ஒரு கொடிக்கம்பின் கோடு ஓடும். அதை வைத்தே சேகரிப்பவர்கள் இது லிமாவில் பிறந்தது, இது மெக்சிகோவில் பிறந்தது என்று பிரித்துச் சொல்கிறார்கள். வலுவான இரும்பு அச்சு ஒன்று முழு வேகத்தோடு இறங்கியும் அழிக்க முடியாமல் போனது அந்த ஓரத்து எழுத்து.

ரிகாஃபோர்டுக்குப் பின் 1830ல் வந்தவர் பாஸ்குவால் என்ரிலே. இவரும் அமெரிக்கப் போரின் ஆள். 1815ல் வெனிசுவேலாவையும் நியூ கிரனாடாவையும் மீட்க ஸ்பெயின் அனுப்பிய பெரிய படையெடுப்பில் கப்பல்களுக்குத் தலைமை தாங்கியவர். முழு நாணயத்தையும் மூடும் அச்சு பெரிய வேலை. அடிநாணயங்களும் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. 1832ல் அதைக் கைவிட்டுச் சிறிய குத்து முத்திரைக்கு மாறினார்கள். கிரீடத்தின் கீழே ஃபெர்டினாண்டின் முதல் எழுத்தும் ஏழு என்ற எண்ணும். இப்படி மணிலாவும் கடைசியில் லிமா 1824ல் கண்டுபிடித்த வழிக்கே வந்து சேர்ந்தது. எழுத்தை மறைக்கும் ஆசையை விட்டுவிட்டார்கள். வரிசையில் காத்து நிற்கும் வெள்ளியைச் சீக்கிரம் தெருவுக்கு அனுப்புவதே முக்கியமாகிவிட்டது.

ஃபெர்டினாண்ட் 1833 செப்டம்பர் 29 அன்று இறந்தார். அவர் மகள் இஸபெல்லாவுக்கு அப்போது மூன்று வயதுகூட நிறையவில்லை. 1834ன் இறுதியில் மணிலாவின் குத்தச்சில் எழுத்து மாறியது. கிரீடத்தின் கீழே இரண்டாம் இஸபெல்லாவின் பெயர்க்குறி. பெருவின் மலையில் தோண்டி, குடியரசின் பெயரில் அடித்து, பசிபிக்கைத் தாண்டி வந்த வெள்ளிக்கு, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு குழந்தையின் பெயரால் அனுமதி. தகப்பன் முத்திரையும் மகள் முத்திரையும் சேர்ந்த நாணயங்களும் இருக்கின்றன.

இங்கே சென்னையை ஒரு வரி நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1808 வாக்கில் மதராஸ் நாணயச்சாலை அடித்த வெள்ளி அரைப் பூவராகனில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் தமிழிலும் தெலுங்கிலும் மதிப்பு. இவற்றில் பல, கப்பலில் வந்த ஸ்பானிய எட்டு ரியால்களின் மேலேயே அடிக்கப்பட்டவை. சிலவற்றில் கோபுரத்துக்கு அடியில் ஸ்பானிய மன்னரின் சுவடு இன்றும் தெரியும். ஆனால் மதராஸில் யாருக்கும் அந்த மன்னர்மேல் கோபம் கிடையாது. வெள்ளி தேவைப்பட்டது, அடித்தார்கள். லிமாவிலும் மணிலாவிலும் அடித்த கைகளுக்குத் தாங்கள் எந்தச் சொல்லின் மேல் அடிக்கிறோம் என்று நன்றாகத் தெரியும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

மணிலாவுக்கு வந்த வெள்ளி மணிலாவிலேயே தங்கவில்லை. அதன் அடுத்த ஊர் கான்டன். அரசியலில் அங்கே மன்னரும் குடியரசும் ஒன்றே; பார்த்தது பழக்கத்தை மட்டும். சீன வியாபாரிகளுக்குப் பழகிய முகம் ஸ்பெயினின் நான்காம் கார்லோஸ். பெருத்த கழுத்தும் வளைந்த மூக்குமாக இருக்கும் அந்தப் பழைய நாணயத்துக்கு வெள்ளியின் விலைக்கு மேலேயே கொடுத்தார்கள். அறிமுகமில்லாத குடியரசு நாணயங்களைத் தள்ளுபடியில்தான் எடுத்தார்கள். நாணய நோட்டக்காரர் நாணயத்தைத் தட்டி, ஓசை கேட்டு, நிறம் பார்த்து, திருப்தியானதும் தம் கடையின் எழுத்தை அதில் குத்திவிடுவார். அடுத்த கடையில் இன்னொரு எழுத்து. கைமாறக் கைமாற நாணயம் கிண்ணம்போலக் குழிந்து, கடைசியில் எண்ணிக் கொடுக்க முடியாமல் நிறுத்துக் கொடுக்கும் வெள்ளியாகிவிடும். உருக்கிக் கட்டியாக்கப்பட்டவை எத்தனையோ. 1820களின் பிற்பகுதியிலிருந்து அபினிக்கு விலையாகச் சீனாவின் வெள்ளி இந்தியாவை நோக்கி ஓடத் தொடங்கியது. ஆண்டீஸின் வெள்ளியில் ஒரு பகுதி கல்கத்தாவில் ரூபாயாகியிருக்கும் என்று நினைப்பது மிகையாகாது.

சீன எழுத்துக் குத்துகளை நான் லிமாவின் கிரீடத்தைவிட உயர்வாக வைக்கிறேன். குத்தியவர் தம் சொந்தப் பெயரை அடகு வைத்துக் குத்தினார். வெள்ளி கள்ளமென்றால் அவர் கடைக்குத்தான் இழுக்கு. கிரீடம் குத்திய அதிகாரிக்கு அப்படி எந்தப் பொறுப்பும் இல்லை.

இன்று இந்த நாணயங்களின் விலை முத்திரையால்தான் நிர்ணயமாகிறது. அதனாலேயே சாதாரண எட்டு ரியாலில் புதிதாகக் கிரீடம் குத்தி விற்பவர்களும் பெருகிவிட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் முத்திரையின் தேய்மானம் நாணயத்தின் தேய்மானத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். நாணயம் மழமழவென்று தேய்ந்திருக்க, முத்திரை மட்டும் நேற்று அடித்ததுபோல் கூராக இருந்தால் சந்தேகம். குழிக்குள் இருக்கும் பழைய கறுப்பு நிறத்தையும் கவனிக்கிறார்கள். விடுதலைப் போரின் கஷ்டத்தைப் போலியாகச் செய்து விற்பது எனக்குக் கசப்பாக இருக்கிறது. அந்த அடிக்குப் பின்னால் சம்பளம் கிடைக்காத மனிதர்கள் இருந்தார்கள்.

மணிலாவில் முத்திரை குத்தும் வேலை 1837 மார்ச் 31 அன்று நின்றது. 1836 டிசம்பரில் ஸ்பெயின் மெக்சிகோவின் விடுதலையை ஒப்பந்தம் போட்டு ஏற்றுக்கொண்டுவிட்டது. மற்ற நாடுகளையும் ஏற்க நாடாளுமன்றம் இசைந்துவிட்டது. அதன்பின் குடியரசுகளின் நாணயங்கள் கிரீடம் இல்லாமலேயே மணிலா கடைவீதியில் செல்லுபடியாயின. பெருவுக்கான ஒப்பந்தமோ இழுத்துக்கொண்டே போயிற்று. நடுவில் இரு நாடுகளும் இன்னொரு போரில் இறங்கி, 1866 மே 2 அன்று ஸ்பானியக் கப்பல்கள் கயாவோவைப் பீரங்கியால் தாக்கின. கடைசியில் பெருவைத் தனி நாடாக ஏற்று ஸ்பெயின் கையெழுத்திட்டது 1879ல், பாரிஸில். 1861ல் மணிலாவுக்கே சொந்த நாணயச்சாலை வந்து அதற்குள் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பெருவின் காசுக்கு மணிலா சுங்க அதிகாரிகள் தலையாட்டி நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்தே பெரு என்ற நாட்டுக்கு மாட்ரிட் தலையாட்டியது.